கறிவேப்பிலைக்கு ஏன் இரண்டு அறிவியல் பெயர்? தரங்கம்பாடியில் தொடங்கிய கதை

விழிதியூர் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியைப் போனில் படம் பிடித்து, அதன் அறிவியல் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். சில தளங்கள் 'முர்ராயா கோனிகீ' என்று சொல்லும். சில தளங்கள் 'பெர்கெரா கோனிகீ' என்று சொல்லும். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியல் இரண்டாவது பெயரை ஏற்கிறது. நம்மூர்ப் புத்தகங்களில் பெரும்பாலும் இன்னும் முதல் பெயர்தான்.

செடி ஒன்றுதான். வாசனையும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்தக் குழப்பம்?

பெயரின் பின்பாதியைக் கவனியுங்கள். 'கோனிகீ' இரண்டிலும் அப்படியே இருக்கிறது. மாறுவது முன்பாதி மட்டும். அந்த முன்பாதிதான் பேரினம். புதிதாக ஒரு பேரினத்தைக் கண்டுபிடித்ததாக அவ்வப்போது செய்தி வருகிறதே, அதில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கறிவேப்பிலையே போதும். கதை தொடங்கும் இடமும் தூரமில்லை. காரைக்காலிலிருந்து வடக்கே சுமார் 15 கி.மீ. போனால் தரங்கம்பாடி.

யார் இந்த கோனிக்?

காரைக்காலில் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தரங்கம்பாடியில் அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே, 1620-லேயே, டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். 1845-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போகும் வரை அது அவர்கள் ஊர். சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியதும் அங்கேதான். அச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அந்த மிஷனை நாம் நினைவு வைத்திருக்கிறோம். செடிக்கும் பூச்சிக்கும் அங்கே நடந்த வேலையை அவ்வளவாகப் பேசுவதில்லை.

யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1728-ல் பால்டிக் கடலோரத்தில், இன்றைய லாட்வியா பகுதியில் பிறந்தவர். ஸ்வீடனின் உப்சாலாவில் கார்ல் லின்னேயஸிடம் படித்தார். எல்லா உயிருக்கும் இரண்டு சொல்லில் பெயர் என்ற முறையை நிலைநிறுத்திய அதே லின்னேயஸ்தான். கோனிக் 1768-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி, பூச்சி. காயவைத்து, தாளில் ஒட்டி, கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சம்பளம் போதவில்லை. 1774-ல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குப் போனார். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறினார். சயாம், மலாக்கா என்று சுற்றிவிட்டு வந்தவர், 1785-ல் காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில் இறந்தார். கையெழுத்துப் பிரதிகள் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன.

இவர் அனுப்பிய செடிகளைப் பார்த்து லின்னேயஸ் 1771-ல் ஒரு நூலில் புதுப் பேரினங்கள் பலவற்றை வெளியிட்டார். அதில் ஒன்று பெர்கெரா. கீல் நகரத்துப் பேராசிரியர் பெர்கர் என்பவரின் நினைவாக வைத்த பெயர். அதற்குள் வந்த செடி நம் கறிவேப்பிலை. அனுப்பிவைத்த மாணவருக்கு மரியாதையாக 'கோனிகீ' என்பதைப் பின்னால் சேர்த்தார் லின்னேயஸ். அதே நூலில் முர்ராயா என்ற இன்னொரு பேரினமும் இருக்கிறது. இதுவும் லின்னேயஸின் இன்னொரு மாணவரான முர்ரே பெயரில் வந்தது. முன்மொழிந்தவர் கோனிக் என்பதால், இன்றும் தாவரவியல் நூல்களில் முர்ராயா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர் பெயரைப் போடுகிறார்கள். ஒரு வகுப்புத் தோழர்கள் வட்டமே செடிகளுக்குள் குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரசத்தில் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஊருக்கு இதில் 'கண்டுபிடிப்பு' எதுவும் இல்லை என்பது வேறு விஷயம். வகைப்பாட்டியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கொஞ்சம் வேறு. ஓர் உயிரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளங்களை எழுதி, ஒரு மாதிரியைச் சாட்சியாக வைத்து, அச்சில் வெளியிட்டால்தான் அது விவரிக்கப்பட்டதாகக் கணக்கு. தெரிந்து வைத்திருப்பது ஒன்று, பதிவு செய்வது ஒன்று.

வீடு மாறும், பெயர் மாறாது

1825-ல் ஷ்ப்ரெங்கல் என்ற ஜெர்மன் தாவரவியலாளர், பெர்கெராவும் முர்ராயாவும் தனித்தனியாக இருக்கத் தேவையில்லை என்று முடிவு செய்து கறிவேப்பிலையை முர்ராயாவுக்குள் போட்டார். ஏறக்குறைய 200 வருஷம் அந்த விலாசம் நிலைத்தது.

பிறகு வேதியியல் பேச ஆரம்பித்தது. முர்ராயா என்ற ஒரே வீட்டுக்குள் இரண்டு குடும்பம் இருப்பது தெரிந்தது. ஒரு பக்கம் நர்சரிகளில் 'காமினி' என்ற பெயரில் விற்கும் வெள்ளைப்பூச் செடியும் அதன் உறவுகளும். இன்னொரு பக்கம் கறிவேப்பிலையும் அதன் உறவுகளும். கறிவேப்பிலைப் பக்கத்தில் கார்பசோல் வகை ஆல்கலாய்டுகள். மகானிம்பின், கோயனிம்பின் என்று அவற்றுக்குப் பெயர். காமினிப் பக்கத்திலோ கூமரின் வகைப் பொருட்கள். அப்புறம் டி.என்.ஏ. ஒப்பீடு வந்தது. காமினி, எலுமிச்சை நார்த்தைப் பக்கம் நெருக்கம். கறிவேப்பிலை, க்ளாசேனா என்ற வேறொரு பேரினத்துக்கு நெருக்கம். ஒரே பேரினத்துக்குள் இருப்பவை ஒரு பொது மூதாதையின் வழிவந்தவையாக இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு. அது இங்கே பொருந்தவில்லை. ஆக, பழைய பெர்கெரா திரும்பி வந்தது. புதுப் பெயர் வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. லின்னேயஸ் காலத்துப் பெயர் அலமாரியில் காத்திருந்தது.

இதில் ஓர் அடிப்படை இருக்கிறது. சிற்றினப் பெயர், அதாவது பின்பாதி, ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு ஆணி அடித்து மாட்டியது போல. ஹெர்பேரியத் தாளில் ஒட்டிய ஒரு கிளை, ஊசியில் குத்திய ஒரு வண்டு: அந்தப் பொருள்தான் பெயரின் சொந்தக்காரர். பேரினம் அப்படி இல்லை. 'இவையெல்லாம் ஒரே குழு' என்று ஆய்வாளர் சொல்லும் ஒரு கருத்து அது. நல்ல ஆதாரம் வந்தால் கருத்து மாறும். பேரினத்துக்கும் ஒரு நங்கூரம் உண்டு. ஒரு சிற்றினத்தை 'மூலச் சிற்றினம்' என்று குறித்து வைப்பார்கள். குழு உடைந்தால், அந்தச் சிற்றினம் எந்தப் பக்கம் போகிறதோ பேரினப் பெயரும் அந்தப் பக்கம் போகும்.

அடைப்புக்குறியைப் படிப்பது எப்படி?

கோனிக்கின் பூச்சிகளுக்கு வருவோம். அவர் காலத்தில் பூச்சி என்றால் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். 1745-ல் பிறந்த டேனிஷ்காரர். இவரும் லின்னேயஸின் மாணவர்தான். ஆசிரியர் பூச்சிகளை இறக்கைகளை வைத்துப் பிரித்தார் என்றால், மாணவர் வாய்ப்பகுதிகளை வைத்துப் பிரித்தார். கடிக்கிறதா, உறிஞ்சுகிறதா, நக்குகிறதா என்று பார்த்தார். 1775-ல் வந்த அவருடைய 'சிஸ்டமா என்டமாலஜியே' நூலில் இந்தியப் பூச்சிகள் வரிசையாக வருகின்றன. கோனிக் அனுப்பியவையும் அதில் சேர்த்தி.

அந்த நூலில் இருக்கும் ஒன்றைக் காரைக்கால் விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். நெல் அறுத்த தாளடியில் பருத்தி போட்டால், காய் வெடிக்கும் சமயத்தில் கூட்டமாக வந்து உட்காரும் சிவப்பு நாவாய்ப்பூச்சி. அதற்கு ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர் 'சைமெக்ஸ் கோனிகீ'. ஆமாம், அதே கோனிக். சைமெக்ஸ் என்பது இன்றைக்குக் கட்டில் மூட்டைப்பூச்சியின் பேரினம். அன்றைக்கு நாவாய்ப்பூச்சி ரகங்களை மொத்தமாக அந்த ஒரு பெயருக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். பின்னர் பிரித்தார்கள். பருத்திச் சிவப்பன் இன்று 'டிஸ்டெர்கஸ் கோனிகீ (ஃபாப்ரிசியஸ், 1775)'. டிஸ்டெர்கஸ் என்ற பேரினம் உருவானது 1831-ல்.

கடைசியில் இருக்கும் அடைப்புக்குறியைத்தான் கவனிக்க வேண்டும். விலங்கியலில் அது சும்மா அழகுக்கு வருவதில்லை. 'முதலில் விவரித்தவர் இவர், ஆனால் அவர் வைத்த பேரினத்தில் இது இப்போது இல்லை' என்பது அதற்கு அர்த்தம். அடைப்புக்குறி இல்லாவிட்டால் இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறது என்று அர்த்தம். தாவரவியலில் இன்னும் ஒரு படி மேலே. மாற்றியவரின் பெயரும் வெளியே வரும். 'முர்ராயா கோனிகீ (லி.) ஷ்ப்ரெங்.' என்றால் லின்னேயஸ் வைத்தார், ஷ்ப்ரெங்கல் மாற்றினார். 'பெர்கெரா கோனிகீ லி.' என்று வரும்போது அடைப்புக்குறியே காணாமல் போகிறது. கறிவேப்பிலை சொந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த பொன்வண்டு ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு ரகம் 'ஸ்டெர்னோசெரா கிரைசிஸ் (ஃபாப்ரிசியஸ், 1775)'. மாமரத்தில் ஏறினால் கடித்துக் குதறும் முசுறு 'ஓகோஃபில்லா ஸ்மராக்டினா (ஃபாப்ரிசியஸ், 1775)'. ஃபாப்ரிசியஸ் முசுறை எல்லா எறும்புகளோடும் ஒன்றாக ஃபார்மிகாவில் போட்டார். 1860-ல் ஃப்ரெடரிக் ஸ்மித் தனியே எடுத்து ஓகோஃபில்லா என்றார். கிரேக்கத்தில் வீடு, இலை என்ற இரண்டு சொல் சேர்ந்தது. இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் எறும்புக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது. பின்பாதிதான் இடிக்கிறது. ஸ்மராக்டினா என்றால் மரகத நிறம். நம்மூர் முசுறோ செம்பழுப்பு. ராணிக்குப் பச்சை உடம்பு, ஆஸ்திரேலியாவில் வேலைக்கார எறும்புகளுக்கும் பச்சை வயிறு. ஆனால் பொருந்தவில்லை என்பதற்காகச் சிற்றினப் பெயரை மாற்றச் சட்டத்தில் இடமில்லை. முதலில் வைத்த செல்லுபடியாகும் பெயருக்கே முன்னுரிமை. விலங்குகளுக்கு இந்தக் கணக்கு லின்னேயஸின் 1758 நூலிலிருந்தும், பூக்கும் தாவரங்களுக்கு 1753 நூலிலிருந்தும் தொடங்குகிறது.

பறவைப் பிரியர்களுக்கு ஒரு உபரித் தகவல். கழுத்தில் கறுப்புப் பட்டை போட்ட சிவந்த புறா ஒன்று உண்டு, 'ஸ்ட்ரெப்டோபெலியா ட்ரான்க்யூபாரிகா'. 1804-ல் வைத்த அந்தப் பெயரில் தரங்கம்பாடி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வன்னி ஜெயித்தது, கருவேலம் தோற்றது

பெயர் மாறினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். டெல்டாவின் கடைமடையிலிருந்து ராமநாதபுரம் வரை, வெட்டு வெட்டு என்று எல்லோரும் சொல்லும் மரம். அதன் பெயர் ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னி மரம் ப்ரோசோபிஸ் சினரேரியா. விருத்தாசலத்தில் வன்னிதான் தல விருட்சம். அறிவியல் பெயரை வைத்துப் பார்த்தால் பங்காளிகள். அழிக்க வேண்டிய மரமும் கும்பிட வேண்டிய மரமும் ஒரே பேரினம்!

2022-ல் அந்தக் குழுவை ஆய்வாளர்கள் உடைத்தார்கள். சீமைக் கருவேலம் உள்ளிட்ட அமெரிக்க மரங்களில் பெரும்பகுதி 'நெல்டுமா' என்ற பேரினத்துக்குப் போனது. ப்ரோசோபிஸ் என்ற பெயர் வன்னியிடமே நின்றது. காரணம் தெளிவு: 1767-ல் லின்னேயஸ் அந்தப் பேரினத்தை உருவாக்கியதே வன்னியை வைத்துத்தான். நங்கூரம் வன்னியின் காலில் கட்டியிருந்தது. இனி சீமைக் கருவேலம் பற்றிய புது ஆய்வுகளைத் தேடுபவர் 'நெல்டுமா' என்றும் தேட வேண்டும். பழைய பெயரில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. களைக்கொல்லி ஆய்வானாலும் சரி, அரசாணையானாலும் சரி, இரண்டு பெயரையும் எழுதி வைப்பதுதான் இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

நாட்டுக் கருவேலத்துக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை. அகேசியா பேரினத்தின் மூலச் சிற்றினமாக இருந்தது கருவேலம். குழு உடையும்போது விதிப்படி அகேசியா என்ற பெயர் கருவேலத்தோடு இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான எண்ணிக்கையில் ஆஸ்திரேலிய மரங்கள் அந்தப் பெயரில் இருந்தன. அத்தனையையும் மாற்றுவதா என்று கேள்வி வந்தது. 2005-ல் வியன்னாவில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில், மூலச் சிற்றினத்தையே ஒரு ஆஸ்திரேலிய மரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2011-ல் மெல்போர்ன் மாநாடு அந்த முடிவை உறுதி செய்தது. கருவேலம் இன்று 'வாச்செலியா நிலோடிகா'. குழப்பத்தைக் குறைக்க எடுத்த முடிவு என்று சொல்லலாம்தான். ஆனால் யார் பக்கம் எண்ணிக்கை அதிகமோ அவர்கள் பக்கம் விதி வளைந்தது என்பதையும் மறைக்க முடியாது.

ஜானகியா எங்கே போனது?

தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரில் ஒரு பேரினம் இருந்தது. அகத்தியமலைப் பகுதியில் காணிப் பழங்குடிகள் மருந்தாகப் பயன்படுத்தி வந்த ஒரு செடியை, 1978-ல் ஜோசப், சந்திரசேகரன் என்ற இரு தாவரவியலாளர்கள் விவரித்து 'ஜானகியா அராயல்பத்ரா' என்று பெயரிட்டார்கள். பாறை இடுக்கில் வளரும், அரச இலை போன்ற இலை, மணக்கும் கிழங்கு. உயிரோடிருந்த ஒரு பெண் விஞ்ஞானியின் பெயரில் முழுப் பேரினமே வருவது சாதாரண மரியாதை இல்லை.

1997-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் வென்டர் அந்தப் பூக்களைப் பரிசோதித்தார். இது தனிப் பேரினம் இல்லை, ஏற்கெனவே 1834-ல் வைட்டும் ஆர்னாட்டும் வைத்த டெகாலெபிஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்றார். டெகாலெபிஸ் என்றால் வேறெதுவும் இல்லை, மாகாளிக் கிழங்குதான். ஊறுகாய் போடுவோமே, அது. ஆக ஜானகியா இன்று டெகாலெபிஸ் அராயல்பத்ரா. ஜானகி அம்மாள் பெயர் பழைய பெயர்ப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

இதை அநியாயம் என்று சொல்வதா? மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்துக் கிழங்கும் ஊறுகாய்க் கிழங்கும் நெருங்கிய உறவு என்று தெரிந்ததில் ஒரு லாபமும் உண்டு. காட்டில் இரண்டுமே குறைந்துவருகின்றன. ஒன்றில் தெரிந்த வேதியியலையும் வளர்ப்பு முறையையும் இன்னொன்றில் முயன்று பார்க்க ஓர் அடிப்படை கிடைக்கிறது. பேரினம் சரியாக இருந்தால் அது ஒரு கணிப்புக் கருவி. மரியாதைக்காக மட்டும் அதை அப்படியே வைத்திருந்தால் அந்தப் பயன் போய்விடும்.

புதுப் பேரினம் இன்று எப்படி வருகிறது?

ஏட்ரீ என்று அழைக்கப்படும் பெங்களூரு அசோகா அறக்கட்டளை ஆய்வு நிறுவனத்தின் ரஞ்சித், பிரியதர்சனன் தர்மராஜன் ஆகியோர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளவிக்குப் புதுப் பேரினம் உருவாக்கினார்கள். கிடைத்த இடம் பிலிகிரி ரங்கன் மலை. அந்தக் காட்டின் சோளகர் பழங்குடிகளுக்கு மரியாதையாகப் பேரினப் பெயர் 'சோலிகா'. சத்தியமங்கலம் பக்கம் நம் மாநிலத்திலும் வாழும் அதே மக்கள்தான். சிற்றினப் பெயர் 'எகாரினேட்டா'. மேட்டுக்கோடுகள் இல்லாதது என்று பொருள். பேராசிரியர் பெயரில் தொடங்கிய வழக்கம் இப்போது காட்டுக்குச் சொந்தக்காரர்கள் பெயருக்கு வந்திருக்கிறது.

'சோலிகா' மாதிரி ஒரு பேரினம் வருவதற்கு உலகம் முழுக்க உள்ள நெருங்கிய உறவுகளோடு ஒப்பிட வேண்டும். இருக்கும் எந்தப் பேரினத்தின் வரையறையிலும் அடங்கவில்லை என்று காட்ட வேண்டும். மூலச் சிற்றினத்தைக் குறிக்க வேண்டும். ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப்பாக அறிவித்து, அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். பூச்சியைப் பிடிப்பது ஒரு நாள் வேலை. ஒப்பீடு வருஷக்கணக்கில் ஆகலாம்.

ஒப்பீட்டில்தான் பழைய வரலாறு குறுக்கே வருகிறது. லின்னேயஸின் செடிகள் லண்டனில் இருக்கின்றன. ஃபாப்ரிசியஸின் பூச்சிகளில் பெரும்பகுதி கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தோடு சேர்ந்தவை. சோழமண்டலக் கரையில் பிடித்த ஒரு வண்டு புதுசா பழசா என்று முடிவு செய்ய, 250 வருஷம் முன்னால் இங்கிருந்து கப்பலேறிப் போன வண்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பல மாதிரிகள் இப்போது படமாக இணையத்தில் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் காலில் உள்ள முள்ளை எண்ண வேண்டும் என்றால் படம் போதாது.

புதிதாக வருபவை அப்படிப் போகக் கூடாது என்பதற்கு இன்று சட்டம் இருக்கிறது. 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, இந்தியாவில் யார் ஒரு புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்தாலும் அதைக் குறிப்பிட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும்.

காரைக்கால் வயல் வரப்பில் பெயர் தெரியாத ஒரு பூச்சி கண்ணில் பட்டால்? முதலில் தெளிவான படங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முகம். இடம், தேதி, எந்தச் செடியில் இருந்தது என்ற குறிப்பு. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் பெரும்பாலும் யாராவது பெயர் சொல்லிவிடுவார்கள். ஒருவரும் சொல்லவில்லை என்றால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. செடி என்றால் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். இன்னும் பக்கத்தில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஒரு ஹெர்பேரியம். வரப்பு, கொல்லை என்றால் தடை இல்லை. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கக் கூடாது.